ஒன்பதாவது மாற்றம்

கோலின் ஹாச்சர்ட் பத்தொன்பது ஆண்டுகளாக ஒரு ரக்பி ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. கோரம்பா சங்கத்தின் எல்லா ஆட்டத்துக்கும் கோட்டோரம் நின்றவர்தான். ஆனால் கண் கடிகாரத்தில் இருக்கும். ஆள் மாற்றும் அட்டைகள் அவர் பொறுப்பு. ஓர் ஆட்டத்துக்கு எட்டு மாற்றம், எட்டு அட்டை. ஒன்பதாவது நடந்தால் வெற்றி செல்லாது. தலையில் அடிபட்டவனை மருத்துவர் சோதிக்க அழைத்துப் போனால் மட்டும் கணக்கில் சேராது. பதினைந்து நிமிடத்துக்குள் அவன் திரும்பிவிட வேண்டும்; தாண்டினால் அதுவும் ஒரு மாற்றம்தான். கரும்பு ஆலையில் கொதிகலன் பார்த்த மனிதருக்கு இது பெரிய வேலையில்லை.

அந்த ஆண்டு குயின்ஸ்லாந்து மாநிலப் போட்டியில் கோரம்பா ஆடியதெல்லாம் தோல்வி. அடுத்த ஆண்டு இடமில்லை என்று கடிதமும் வந்துவிட்டது. மிச்சம் ஒரே ஆட்டம், சொந்த மைதானத்தில்.

"பெரிசு, இன்னைக்காவது பாடிருவோமா?" என்றான் முன்வரிசைக்காரன் டேன் மக்காலி. ஜெயித்தால்தான் உடைமாற்றும் அறையில் வட்டமாக நின்று சங்கப் பாட்டைப் பாடலாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வரிகளே தெரியாது.

"நீ மொதல்ல பந்தைக் கீழ போடாம ஓடு."

இரண்டாம் பாதியில் டேனுக்குத் தலையில் அடி. மருத்துவர் அழைத்துப் போனார். எட்டு அட்டையும் தீர்ந்திருந்தது. கோரம்பா இரண்டு புள்ளி முன்னால்.

"டாக்டர் சரின்னுட்டாரு. போகட்டுமா?" என்றான் திரும்பி வந்த டேன்.

கோலின் திரும்பவில்லை. கோரம்பாவின் ஓரத்து ஆட்டக்காரன் பந்தோடு கோட்டை ஒட்டிப் பறந்துகொண்டிருந்தான். கோலின் வாயைப் பிளந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடா, போ!" என்றார். டேன் உள்ளே ஓடினான்.

கோரம்பா ஜெயித்தது.

மாற்றங்களை எழுதும் தாளை நிரப்பும்போதுதான் தெரிந்தது. டேன் வெளியே போனது ஐம்பத்தொன்றாம் நிமிடம். உள்ளே வந்தது அறுபத்தேழு.

எதிரணியின் அட்டைக்காரர் ரஸ் பேனாவோடு வந்தார். "நீ எழுதுனா சரிதான், கோல். கையெழுத்து எங்க போடணும்?" பிறகு தாளைப் பார்த்தார். குரல் தாழ்ந்தது. "அறுபத்தஞ்சுன்னு போடேன்யா. யாரும் பார்க்கல."

"நான்தான் பார்க்கல ரஸ். பார்க்கத்தானே என்னை நிறுத்தியிருந்தாங்க."

அறுபத்தேழு அப்படியே இருந்தது. இருவரும் கையெழுத்திட்டார்கள்.

உடைமாற்றும் அறைக்குள் பாட்டு தொடங்கியிருந்தது. வரி தெரியாதவர்கள் பெஞ்சைத் தட்டினார்கள். கோலின் தாளோடு கதவருகே நின்றார். பாட்டு முடிந்தது. கதவில் கை வைத்தார். உள்ளே டேன், "இன்னொரு தடவைடா, முதல்லேர்ந்து!" என்று கத்தினான்.

கையை எடுத்துக்கொண்டு, அதுவும் முடியட்டும் என்று நின்றார்.