நோராவின் வாக்கியத்தில் விடுபட்ட சொல்

நவம்பர் முதல் வாரம், செவ்வாய் மாலை மாண்ட்ரியலில் இறங்கினேன். நகர் மையத்துக்குப் போகும் 747 பேருந்துக்குப் பதினொரு டாலர். எனக்கு அது தேவைப்படவில்லை. சென்னையில் என்னோடு படித்த மாலதியின் கணவர் குகன் காரோடு வந்திருந்தார். இருவருக்கும் சொந்த ஊர் யாழ்ப்பாணம். வீடு பியர்ஃபாண்ட்ஸில், விமான நிலையத்திலிருந்து இருபது நிமிடம்.

நான் கோவையில் ஆங்கிலம் கற்பிப்பவள். ‘கதவைத் திறந்த பெண்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்ல நடுவில் ‘ஹூ’ அல்லது ‘தட்’ வேண்டும் என்று பள்ளியில் படிக்கிறோம். ஆனால் சில வட்டாரங்களில் ‘வாட்’ என்பார்கள், சில இடங்களில் ‘ஆஸ்’. சிலர் எதுவுமே வைக்காமல் ஒட்டிப் பேசுவார்கள். இதுதான் என் ஆராய்ச்சி. இங்கே ஒரு கருத்தரங்கில் இதைப் பற்றிப் பேச வந்திருந்தேன்.

புதன் காலை மாலதி வேலைக்குக் கிளம்பும்போது சொன்னாள்: “பக்கத்து வீட்டு நோரா நியூஃபவுண்ட்லாந்துக்காரி, கனடாவின்ர கிழக்குக் கோடித் தீவு. அவ கதைக்கிற இங்கிலிஷ் உனக்குப் பிடிக்கும். போய்க் கதை.”

அவள் கார் தெருவைத் தாண்டியதும் குகன் சொன்னார்: “அங்க போகவேண்டாம், தங்கச்சி.”

மாலதியின் தம்பி ராஜன் போன வருடம்தான் வந்தவன். பேக்கரியில் வேலை, அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. இவர்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் தங்கியிருந்தான். மூன்று வாரமாகக் குகன் அவனோடு பேசவில்லை. வேலைக்குக் கிட்ட என்று சொல்லி, ஞாயிறன்று அவன் செயின்ட்-மிஷேலில் ஓர் அறைக்குப் போவதாக இருந்தான்.

“உவன் அந்த மனிசியின்ர ஜன்னலை உடைச்சுப்போட்டான். அவவே என்ர போனில சொல்லியிருக்கிறா. வீட்டில கதைச்சால் மாலதியின்ர மனம் நோகும். அதுதான் நான் ஒண்டும் கேக்கேல்லை” என்றார் குகன்.

அந்தக் குரல் செய்தியைப் போடச் சொன்னேன். காற்று இரைச்சலுக்கு நடுவே ஒரு முதிய குரல்: “இட் வாஸ் யுவர் ராஜன் காட் த ஃபெல்லா ப்ரோக் மை விண்டோ.”

இன்னொரு முறை கேட்டேன்.

“அண்ணா, ராஜன் உடைக்கலை. உடைச்ச ஆளைப் பிடிச்சிருக்கான். ‘காட்’னா பிடிச்சான். ‘ராஜன்’, ‘ஃபெல்லா’ ரெண்டுக்கும் பின்னால ‘ஹூ’ வரணும், அவங்க ஊர்ல அதைச் சொல்ல மாட்டாங்க.”

“வடிவாத் தெரியுமோ?” என்று நிச்சயப்படுத்தக் கேட்டார்.

இதுவரை இப்படிப்பட்ட வாக்கியங்களைத் தாளில்தான் பார்த்திருந்தேன். நான் சொல்வது தவறென்றால் ராஜன் மீது இரண்டாம் முறை பழி விழும். “அவங்ககிட்டயே கேட்டுடலாம்” என்றேன்.

நோரா எங்களைக் கண்டதும் குகனின் கையைப் பிடித்துக்கொண்டார். பின்பக்க ஜன்னலை உடைத்து ஒருவன் உள்ளே நுழையப் பார்த்தானாம். பேருந்திலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த ராஜன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறான். திருடன் உதறிக்கொண்டு ஓடிவிட்டான். “அப்புறம் யாருமே இந்தப் பக்கம் வரவில்லையே, நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

திரும்பி வந்ததும் குகன் நேரே கீழ்த்தளத்துக்கு இறங்கினார். ராஜன் துணிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

“ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?”

“பொலிஸ் வந்தால் வழக்குக்குப் பிரச்சினை எண்டு பயந்திட்டன், அத்தான். பிறகு நீங்கள் கதைக்காமல் விட்டீங்கள். நான் இங்க இருக்கிறது பாரமாக்கும் எண்டு நினைச்சன்.”

குகன் பெட்டியை ஓரமாக நகர்த்திவைத்தார். பிறகு, “மேல வா, சாப்பிடுவம்” என்றார்.

வியாழனும் வெள்ளியும் கருத்தரங்கில் போயின. ஞாயிறன்று ராஜன் போகத்தான் செய்தான். அந்த அறைக்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றான். குகன் மெத்தையைக் கார் கூரையில் கட்டி, செயின்ட்-மிஷேல் வீட்டின் வளைந்த இரும்புப் படிகளில் தானே முன்பக்கம் பிடித்து ஏற்றினார். “வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகேக்க வந்து ஏத்துறன், வெளிக்கிட்டு நில்” என்றார். கோயில் இருப்பது மாண்ட்ரியல் தீவின் மறுகோடியில், குகன் வீட்டுப் பக்கம்.

திங்கள் மதியம் எனக்கு விமானம். எங்கள் கோவைத் தெருவில் இப்படி ஒரு சந்தேகம் அரை நாள்கூடத் தாங்காது; யாராவது வாசலில் நின்று ‘என்னடா பண்ணினே?’ என்று கத்தியிருப்பார்கள், அவனும் பதிலுக்குக் கத்தியிருப்பான். இந்த வீட்டில் யாரும் யார் மனதையும் நோகடிக்கவில்லை. அப்படியே மூன்று வாரம் ஓடிவிட்டது.

புறப்பாட்டு வாசலில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுக் குகன் தயங்கினார்.

“மாலதிக்கு ஒண்டும் தெரியாது. அவளின்ர தம்பியை நான் என்ன நினைச்சனெண்டு இண்டைக்குச் சொல்லப்போறன். என்னெண்டு தொடங்கிறது, தங்கச்சி?”

“அவன் செஞ்சதுலேர்ந்து தொடங்குங்க, அண்ணா” என்றேன்.