எங்கள் மாட்டுக்கொட்டகை விற்பனைக்கு வந்த கதை

கூடப்பிறந்த அக்காவே எனக்குத் தெரியாமல் வீட்டை விற்கிறாள் என்றுதான் முதலில் நம்பினேன். போளூரில் பஸ் ஏறி மலைமேல் போய் இறங்கும்வரை துளி சந்தேகமில்லாமல் நம்பினேன்.

போளூரில் எனக்கு ஜெராக்ஸ் கடை. மத்தியானம் ஆள் வராத நேரத்தில் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ வந்தது. புல்லாங்குழல் இசை, ஆகாயத்திலிருந்து எடுத்த படம். 'ஜவ்வாது மலையில், நூறாண்டுப் பழமை மாறாமல் புதுப்பிக்கப்பட்ட கிராமத்து வீடு. விருந்தினர் குடிலாக மாற்றிய மாட்டுக்கொட்டகையுடன் விற்பனைக்கு.' நல்லாத்தான் இருக்கே என்று பார்த்தால், வீடு எங்களுடையது. நூறாண்டாம்! அந்தச் சுவருக்கு மண் மிதித்தவனே நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. வீடியோ போட்டவன் கணக்குப்படி பார்த்தால், என்னையும் வேலி போட்டுப் பாதுகாக்க வேண்டும்.

வீடியோவின் கடைசியில் அக்கா வந்தாள். புதுப் புடவை, கையில் தாம்பூலத் தட்டு, வாயெல்லாம் பல். கீழே ஒரு வரி: 'உரிமையாளரின் முழுச் சம்மதத்துடன்.'

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. கடையைக்கூடச் சாத்தவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை உதைத்தேன், உதைத்தேன், அது கிளம்பவில்லை. ஓடிப்போய் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பாதி மலை ஏறிய பிறகு கண்டக்டர் வந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாண்ணே, டிரைவர் மேல அவ்ளோ நம்பிக்கையா?"

அப்போதுதான் தெரிந்தது, ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. இவன் முன்னால் கழற்றினால் மானம் போய்விடும் என்று, "தலைவலிங்க" என்று சொல்லிவிட்டு ஜமுனாமரத்தூர்வரை அதோடே போனேன்.

அந்த வீட்டை வீடியோ போட்டவன் கண்ணில் காட்டியதே நான்தான். அதை நினைக்க நினைக்கத்தான் எரிச்சல். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பட்டணத்துக்காரன் ஒருவன் ஜெராக்ஸ் எடுக்க வந்தான். மலையில் பழைய வீடு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். புருஷன் போன பிறகு அக்கா அங்கேதான், அப்பா கட்டிய வீட்டில், இரண்டு மாடுகளோடு இருந்தாள். கூரை ஒழுகுகிறது, வந்து பார்டா என்று மழைக்கு மழை போன் பண்ணுவாள். நான் தை பிறக்கட்டும் என்பேன். தை பிறந்ததும் ஆடி வரட்டும் என்பேன். அந்த நேரத்தில் இவன், "என் செலவிலேயே ரிப்பேர் பண்றேன் சார். அக்கா வீட்டுல இருக்கட்டும். மாசத்துக்கு ஒரு தடவை நான் வந்தா கொட்டகையில தங்கிக்கிறேன்" என்றான். ஓசியில் கூரை! அன்றைக்கு அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்த கையை இன்றைக்கு வெட்டிப்போடலாம் போலிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது தூறிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குக் கண்ணாடிக் கதவு போட்டிருந்தான். உள்ளே கட்டில், மெத்தை, உட்கார்ந்து போகிற கக்கூஸ். அக்காவின் மாடுகள் இரண்டும் வெளியே புளியமரத்தடியில் நனைந்துகொண்டிருந்தன. அக்கா தாழ்வாரத்தில் உட்கார்ந்து புளியங்கொட்டை தட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு வார்த்த சொல்லாம வூட்ட வித்துட்டியா?" என்று கத்தினேன்.

"வூட்ட வித்தனா? ஏன்டா, போளூரு வெயில்ல கியில்ல நின்னியா? இன்னாடா அது கையில, குண்டானா?"

ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு வீடியோவைக் காட்டினேன். தன்னையே கண்டதும் முதலில் சிரித்தாள். கீழே எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"அந்தத் தட்ட ஏன் வாங்குன?"

"வேலை முடிஞ்ச அன்னிக்கு, பொங்கலுக்கு முந்தி, ஊரு ஜனத்த வெச்சுக்கினு குடுத்தான். அக்கா அக்கான்னு கூப்புட்டவன். பூ, பழம், தேங்கா, பொடவ. பொங்கல் சீருன்னு நெனச்சேன்."

"அவன் யாரு உனக்குச் சீர் செய்ய?"

"கூடப் பொறந்தவன் செஞ்சா நான் ஏன்டா கண்டவன் கையில வாங்குறேன்? இந்தப் பத்து வருசத்துல எனக்குன்னு ஒரு மொழம் பூவு கொண்டாந்துருப்பியா நீ?"

உலகத்துக்கே நகல் எடுத்துத் தருகிறவனுக்கு ஒரு தேங்காய்க்குக் கதியில்லை.

எங்கள் ஊரில் நாலு பேர் முன்னால் தட்டு வாங்கினால் பேச்சு முடிந்ததாக அர்த்தம். பெண் பேச்சானாலும் நிலப் பேச்சானாலும் அப்படித்தான். அது அந்தப் படுபாவிக்குத் தெரிந்திருக்கிறது. விசாரித்துத் தெரிந்துகொண்டு, புடவையின் கலர் முதற்கொண்டு பார்த்து வாங்கி வந்திருக்கிறான். எங்கள் வழக்கத்தை எடுத்தே எங்கள் கழுத்தில் சுருக்குப் போட்டிருக்கிறான். பட்டா இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. நானும் அக்காவும் கையெழுத்துப் போடாமல் ஒருத்தரும் விற்க முடியாது. நாள் முழுக்கப் பட்டா நகல் எடுக்கிற எனக்கு அது பஸ்ஸில் ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை. ஆனால் ஊர், பட்டாவைப் பார்ப்பதில்லை. தட்டைப் பார்க்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீடு பார்க்க ஆள் கூட்டி வந்தான். ஊர்க்கவுண்டர் இரண்டு பக்கத்தையும் பஞ்சாயத்துக்கு உட்காரவைத்தார்.

"செலவு பண்ணது நான். தாம்பூலம் கொடுத்து ஊரறியப் பேசினது நான். வேணும்னா அக்கா சமையலுக்கு இங்கேயே இருக்கட்டும்" என்றான்.

சமையலுக்கு! எழுந்து அவன் சட்டையைப் பிடித்தேன். என் கையை அக்காதான் பிடித்து இழுத்தாள்.

"எம் பொறந்த வூட்ல எனக்கே வேலை குடுக்கறியா? சீருன்னு வாங்கனேன். வெலைன்னு நீ சொல்லவே இல்லியே?"

கவுண்டர் அவளைக் கேட்டார். "சீருன்னு ஏன்மா நெனச்ச?"

அவள் என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. வரும்போது ஹெல்மெட்டை விட்டுவிட்டு வந்தோமே என்று இருந்தது.

"தட்ட அப்படியே திருப்பிட்டா பேச்சு முறிஞ்சுது" என்றார் கவுண்டர். பழத்தைத் தின்றாகிவிட்டது. புடவை நாலு தடவை துவைத்தாகிவிட்டது. ஜமுனாமரத்தூர் கடைகளில் ஏறி இறங்கி, அதே மாதிரிப் புடவை, அதே பூ, பழம், தேங்காய் எல்லாம் வாங்கி வந்தேன். வாழ்க்கையில் நான் நிரப்பிய முதல் சீர்த்தட்டு. அது போனது அவன் கைக்கு.

தட்டை வாங்கிக்கொண்டு, "அப்போ என் பொருளை நான் எடுத்துக்கறேன்" என்றான். கவுண்டர் தலையாட்டினார்.

அடுத்த வாரம் லாரி கொண்டுவந்தான். வீட்டின் மேல் அவன் போட்டிருந்த ஓடு, ஜன்னல், கண்ணாடிக் கதவு, கக்கூஸ் பீங்கான் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போனான். கொட்டகைக் கூரையைப் பிரித்துப் பாதியிலேயே விட்டுவிட்டான். அதன்மேல் தார்ப்பாய் கட்டி, அக்காவும் இரண்டு மாடுகளும் அதற்குள் இருக்கிறார்கள். இந்த மழைக்கும் வீட்டுக்கு நான் ஓடு போடவில்லை.