சில்லென்று பட்டால் சிலைக்கு

வாயிலிருக்கும் வெற்றிலையைத் துப்பி, மூன்று தடவை கொப்பளித்த பிறகுதான் சம்பங்கி சலவைக்கல்லில் நாக்கை வைப்பாள். அவள் வாய் வெற்றிலை இல்லாமல் இருப்பது அந்த நேரத்தில் மட்டும்தான். 'கல்லு நக்கி' என்று ஊரிகம் தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் அவளுக்குப் பட்டப்பெயரே உண்டு. அவளுக்கோ அதில் கொள்ளைப் பெருமை.

கல்லைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது அவள் தொழில். துரைமார் பங்களாத் தரை, கோயில் படி, கல்லறைப் பலகை எல்லாம் அவள் கை பட்டவை. தங்கம் எடுத்தபின் மில்லில் கழித்துக் கொட்டும் மணலைச் சலித்து, நனைத்து, கோணித் துண்டால் தேய்ப்பாள். பத்து வருஷத் தேய்ப்பில் உள்ளங்கை வழவழவென்று ஆகிவிட்டது. கைரேகை பார்க்க வந்த குறத்தி, பார்க்க ஒன்றுமில்லை என்று எழுந்து போனாளாம். அதையும் சிரித்துச் சிரித்துச் சொல்வாள்.

கல்லின் தரம் அவள் கணக்கில் மூன்றே மூன்று. சில்லென்று பட்டு நாக்கு வழுக்கினால் சிலைக்கு. சில்லென்றிருந்தும் ரேகை ஓடினால் படிக்கு. நாக்கைப் பிடித்து இழுத்தால், "இது தண்ணி குடிக்கிற கல்லு, சுண்ணாம்புச் சூளைக்குப் போடு" என்பாள். வெளுப்பைப் பார்த்து மயங்குகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. "வெளுப்புல இன்னா கீது? சுண்ணாம்புகூடத்தான் வெளுப்பா கீது!"

போன மாதம், மாதா கோயில் பீடத்துக்குச் சம்மனசு என்கிற தேவதூதன் சிலை செதுக்க ஒரு கல் ரயிலில் வந்து இறங்கியது. பால் வெளுப்பு. 'முதல் தரம்' என்று சீட்டும் ஒட்டியிருந்தது. மேஸ்திரி தாமோதரன் பூரித்துப் போனார். மதராஸ் சிற்பி ஜெயகரன் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். யாரும் கூப்பிடாமலே சம்பங்கி போய்க் கல்லில் நாக்கை ஓட்டினாள்.

"சாமி கல்ல எச்சில் பண்றியே, இன்னா இது?" என்று மேஸ்திரி பதறினார்.

"இந்தக் கல்லு வாணாம் மேஸ்திரி. எல்லா எடமும் சில்லுனு கீது. நடுவுல ஒரு கோடு மட்டும் சில்லுனு இல்ல. அது கல்லே இல்ல."

ஜெயகரன் சிரித்துவிட்டார். மேஸ்திரிக்கு அவமானமாகப் போயிற்று. "நீ சொன்னது பொய்யாப் போச்சுன்னா நாளைலேந்து வேலைக்கு வராத."

"வரல. ஒரு சொம்பு சுடுதண்ணி மட்டும் குடுங்க."

கொதிக்கக் கொதிக்க வந்தது. ஊற்றினாள். கல்லின் நடுவிலிருந்து மெழுகு உருகி வழிந்தது. அது அடைத்திருந்த இடத்தில், நகம் நுழையும் அகலத்துக்கு ஒரு விரிசல். சம்மனசின் கழுத்து வரவேண்டிய இடம் அது. ஜெயகரன் தன் கழுத்தையே தடவிக்கொண்டார். சம்பங்கி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு மணல் சலிக்கப் போய்விட்டாள். அந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

நேற்று மாற்றுக் கல் வந்தது. முந்தையதைப்போல அத்தனை வெளுப்பில்லை. அதிலும் சீட்டு இருந்தது, யாரும் படிக்கவில்லை. ஜெயகரன் உளியைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். ஆள் அனுப்பி அழைத்ததும், சம்பங்கி வெற்றிலையை மென்றுகொண்டே ஆடி அசைந்து வந்து சேர்ந்தாள். மேஸ்திரி தாமோதரன் தம் கையாலேயே ஒரு சொம்புத் தண்ணீரை அவளிடம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டாள். எல்லாரையும் நிற்க வைத்துவிட்டு, நிதானமாகக் கொப்பளிக்க ஆரம்பித்தாள். ஒரு தடவை. இரண்டு தடவை.