வாய்க்காலில் ஊறிய சக்கரங்கள்

தண்டவாளத்தைக் கழற்றிய அந்தக் கோடையில் எங்கள் ஊரில் யாரும் யாரையும் நம்பவில்லை. யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமாம். போடியிலிருந்து தேனி வழியாக மதுரைக்குப் போன ஒற்றைப் பாதையைப் பாய் சுருட்டுகிற மாதிரிச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். சம்மட்டிச் சத்தம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்டே வந்தது. ஒரு நாள் எங்கள் ஸ்டேஷனைத் தாண்டிற்று. பிறகு ஆண்டிபட்டிப் பக்கம் போய்த் தேய்ந்துவிட்டது. கட்டைகளைப் பெயர்த்த இடத்தில் வெறும் ஜல்லி. அதன்மேல் எண்ணெய்க் கறை, வெயில், அவ்வளவுதான்.

தேனி என்றால் சந்தைதான். கம்பத்து நெல்லும் போடி ஏலக்காயும் சுற்று வட்டாரப் பஞ்சும் வந்து இறங்கி, ஒரு நாள் மூச்சு வாங்கி, ரயிலேறிப் போகிற இடம். ரயில் இல்லாத சந்தை எத்தனை நாள் சந்தையாக இருக்கும்? வியாபாரிகள் கடை வாசலில் நின்றபடி இதைக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, பக்கத்துக் கடைக்காரன் பதிலை முன்பே தெரிந்துவைத்திருப்பானோ என்று அவன் முகத்தைப் பார்த்தார்கள்.

நான் கூட்ஸ் ஷெட்டில் மூட்டைகளின் மேல் மசியால் குறி எழுதிக்கொண்டிருந்தவன். ஷெட்டைப் பூட்டியதும் வேலை போயிற்று. பத்து நாள் கழித்து, அழகாக எழுதக்கூடிய ஆள் வேண்டும் என்று சர்க்காரிலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள். புதிதாக ஓர் அதிகாரி வந்திருந்தார். வடக்கத்திப் பேச்சு, இஸ்திரி கலையாத சட்டை. ஊரிலுள்ள மாட்டு வண்டிகளையெல்லாம் எண்ண வேண்டுமாம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும்.

"எதுக்குங்க ஐயா எண்ணுறது?" என்று கேட்டேன்.

"எழுதத்தானே வந்தீர்? எழுதும்."

ஒரு காரியம் நல்லதென்றால் அதைச் சொல்ல இவருக்கு என்ன கஷ்டம்? தண்டவாளத்தை எடுக்கும் முன்பும் இப்படித்தான் ஒருவர் வந்து அளந்துவிட்டுப் போனார். எண்ணுகிறவன் எடுக்க வருகிறவன். அன்றைக்கு எனக்கு அதில் துளி சந்தேகமும் இல்லை.

அண்ணனிடம் ஒரு வண்டியும் ஒரு ஜோடி மயிலைக் காளைகளும் இருந்தன. அதுதான் அவன் வீடு, வயல், எல்லாம். பட்டப்பகலில் நேரே அவனிடம் போனேன். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தான்.

"நாளான்னைக்கு வண்டிகள எண்ண வாராக. பட்டாளத்துக்குப் பிடிக்கத்தான் இருக்கும்."

"ஏலே, யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. சொல்ல மாட்டேங்குறாக. அதான் பயமாயிருக்கு."

மதினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏன் கொழுந்தனாரே, வாயத் திறக்காதவுக எல்லாம் திருடங்கன்னா, ஒங்க அண்ணன் பெரிய கொள்ளக்காரன்ல?"

"நீ சும்மா இரு புள்ள," என்றான் அண்ணன். ஆனால் தவிட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

அவன் செய்தது எங்கள் பக்கத்து வண்டிக்காரன் மட்டுமே நினைக்கக்கூடிய காரியம். கோடையில் மரம் சுருங்கினால் சக்கரத்தின் இரும்புப் பட்டை கழன்றுவிடும். அதனால் சக்கரத்தைக் கழற்றி வாய்க்காலில் ஊறப்போடுவார்கள். மரம் உப்பிப் பட்டையைக் கவ்விக்கொள்ளும். அதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. அண்ணன் இரண்டு சக்கரங்களையும் உருட்டிக்கொண்டு போய்த் தண்ணீரில் அமுக்கினான். காளைகளைச் சின்னமனூரில் மதினியின் பிறந்த வீட்டுக்கு ஓட்டிவிட்டான். மறுநாள் பார்த்தால் வாய்க்கால் முழுக்கச் சக்கரம். தெருவில் பாதிப் பேருக்கு ஒரே நாளில் பட்டை கழன்றிருந்தது.

எண்ணுகிற நாளன்று அதிகாரி முன்னால் நடந்தார். நான் நோட்டுடன் பின்னால். வீட்டுக்கு வீடு, சக்கரமில்லாத வண்டிகள் கல்லின்மேல் குந்தியிருந்தன. அண்ணன் வீட்டு வாசலில் அவர் நின்றார்.

"சக்கரம் எங்கே?"

"ஊறுதுங்க சாமி."

"மாடு?"

"மாமியா வீட்டுக்குப் போயிருக்கு."

"மாடுமா மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போகும்?"

தெருவே சிரித்தது. அவரும் சிரித்த மாதிரிதான் இருந்தது. திரும்பி என்னிடம், "சக்கரமும் மாடும் இருக்கிற வண்டிதான் வண்டி. இவருக்கு இல்லை என்று எழுதும்," என்றார். என் கூடப் பிறந்தவன் பெயருக்கு நேராக 'இல்லை' என்று எழுதினேன். பிழைத்தோம் என்று உள்ளுக்குள் ஒரு குதிப்பு வேறு.

இரண்டு வாரத்தில் தகரத் தகடுகள் வந்தன. எண் பொறித்தவை. ரயில் சுமந்த சரக்கை இனி வண்டிகள்தான் மதுரைக்குச் சுமக்க வேண்டும். எண்ணியபோது நின்ற வண்டிக்குத்தான் தகடு. தகடு இல்லாத வண்டி சந்தையிலிருந்து ஒரு மூட்டையும் ஏற்றி வெளியே போகக் கூடாது. சந்தையைச் சாகவிடாமல் நிறுத்தத்தான் அந்த எண்ணிக்கையே.

நான் அதிகாரியிடம் ஓடினேன். நடந்ததைச் சொன்னேன், என் பங்கையும் மறைக்காமல்.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா..." என்று இழுத்தேன்.

"சொல்லியிருந்தால் தகட்டுக்காக உசிலம்பட்டி வண்டியெல்லாம் உங்கள் தெருவில் வந்து நின்றிருக்கும். உங்களை எப்படி ஐயா நம்புவது?" பட்டியல் மேலே போய்விட்டதாம். இனி ஒரு வரியும் சேர்க்க முடியாதாம்.

எங்களை நம்பாததால் அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாததால் நாங்கள் நம்பவில்லை. நடுவில் அண்ணனின் வண்டி கல்லின்மேல் உட்கார்ந்திருந்தது.

அவன் என்னைத் திட்டவில்லை. சின்னமனூருக்கு நடந்து போய்க் காளைகளை ஓட்டி வந்தான். ஒரு வாரம் கட்டுத்தறியில் நின்றன. தகடு வாங்கியவர்களோ வேறு விதமாகத் திணறினார்கள். வெயிலில் ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி இறங்கினால் ஒரே ஜோடி மாடு மதுரை வரை தாங்கவில்லை. மூட்டைகள் சந்தையிலேயே தேங்கின. எதிர்வீட்டுக்காரர் தகடு உள்ளவர். அவர் ஒரு காலை அண்ணனிடம் வந்து, "ஒன் மாட்டக் குடுப்பா. கணவாய் வரைக்கும் என்னுது, அதுக்கு அங்கிட்டு ஒன்னுது," என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு தகடு, ஒரு வண்டி, இரண்டு ஜோடி. அடுத்த மாதத்துக்குள் தெருவில் தகடு உள்ளவனும் இல்லாதவனும் இணை சேர்ந்துவிட்டார்கள். சந்தை நகர்ந்தது. சட்டத்தில் இதற்கு இடம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்களே.

ஒரு தடவை நானும் அந்த வண்டியில் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து போனேன். கணவாய் அடிவாரத்தில் மாடு மாற்றும்போது அந்த அதிகாரியின் கார் வந்து நின்றது. தகட்டைப் பார்த்தார். எங்கள் மயிலைக் காளைகளைப் பார்த்தார். அண்ணன் நுகத்தைப் பிடித்தபடி அசையாமல் நின்றான். கார் போய்விட்டது. அது இரக்கமா, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மனசில் குறித்துக்கொண்டதா, இத்தனை வருஷமாகப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன், தெரியவில்லை. கடைசிவரை ஒன்றும் வரவில்லை.

வண்டி பிழைத்தது, காளைகளும் பிழைத்தன. யுத்தம் முடிந்த பிறகும் அண்ணன் எனக்குச் சோறு போட்டான், சிரித்துப் பேசினான். ஆனால் எந்தச் சரக்கு, எந்த ஊர், யாரோடு கூட்டு என்று என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. வண்டி பூட்டும்போது, எங்கண்ணே கிளம்பிட்ட என்று கேட்பேன்.

"இங்கனதான்," என்பான். கயிற்றைச் சுண்டிவிட்டு, நான் எந்தப் பக்கம் நிற்கிறேனோ அதற்கு எதிர்ப்பக்கமாக வண்டியைத் திருப்புவான்.