பூட்டி வந்த வலைப்பைகள்

1

"நாகா, இந்த முறை நாங்கள் கிண்ணம் தூக்குவமோ, இல்லாட்டிச் சும்மா பட்டியல்ல மேல நிக்கிறமோ?"

வாஷிங் அறைக் கதவில் சாய்ந்துகொண்டு ஸ்போர்ட்ஷெஃப் இப்படிக் கேட்டார். எந்த விளையாட்டுக்காரரை எடுப்பது, யாரை அனுப்புவது என்று முடிவெடுக்கிறவர் அவர். டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், கேட்டதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன். நாகேஸ்வரி என்ற முழுப்பெயர் அவர் வாயில் வராது.

நான் இருப்பது சுவிஸில், லாங்கன்தாலில். வேலை செய்தது ரயிலில் போகிற தூரத்தில் இருந்த ஓர் ஐஸ் ஹொக்கிக் கிளப்பில். கிளப்பின் பெயர் வேண்டாம். பத்தொன்பது வருடம் அவர்களின் உடுப்பைத் தோய்த்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அந்த வேலைக்கு எண் தெரிந்தால் போதும். ஒவ்வொருவருக்கும் எண் போட்ட ஒரு வலைப்பை. வேர்த்த உள்ளுடுப்பு, சொக்ஸ் எல்லாவற்றையும் அதற்குள் போட்டு, கொளுக்கியைப் பூட்டி, தள்ளுவண்டியில் வைக்கவேண்டியது அவர்கள் வேலை. பையோடு தோய்த்து, பையோடு காயவைத்து, அவரவர் இடத்தில் கொழுவுவது என் வேலை. இத்தனை வருடத்தில் ஒரு சொக்ஸ்கூட ஆள் மாறிப் போனதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய்.

சொக்ஸ் வழுகாமல் இருக்கக் காலைச் சுற்றி ரேப் என்கிற ஒட்டுநாடாவை ஒட்டுவார்கள். அதை உரித்து எறிந்துவிட்டுத்தான் பையில் போடவேண்டும். இல்லாவிட்டால் மெஷினுக்குள் கட்டிபட்டு எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். மனம் ஒன்றாக இல்லாத அணியில் முதலில் கெடுவது இதுதான். கொளுக்கி திறந்தபடி வரும், ரேப்போடு வரும், பை நிலத்தில் கிடக்கும். வென்றுகொண்டிருக்கும்போதே அப்படி வரத் தொடங்கும். இரண்டு வருடம் அதைப் பார்த்துவிட்டு, இந்த முறை சரிவராது என்று சொன்னேன். இரண்டு முறையும் சரிவரவில்லை. அதன் பிறகுதான் ஸ்போர்ட்ஷெஃப் என்னிடம் கேட்கத் தொடங்கினார்.

பக்கத்து அறையில் ஸ்கேட் தீட்டிக்கொண்டிருந்த குணம் சிரித்தான். "அக்கா ஒரு மட்ச்சும் பாக்கிறேல்லை. அவவிட்டை வந்து கேக்கிறார்."

"நீ பாத்து என்னத்தைக் கண்டனி? போன வருசம் கிண்ணம் எங்களுக்குத்தான் எண்டு சொல்லி என்னட்டைக் கொத்துரொட்டி வேற வாங்கித் திண்டனி."

"அது கொத்துரொட்டிக்காகச் சொன்னது, அக்கா."

அது ட்ரான்ஸ்ஃபர்ஷ்லுஸ் வருகிற கிழமை. அந்த நாள் முடிந்தால் ஆள் மாற்ற முடியாது, இருக்கிறவர்களோடுதான் பிளேஓஃப் என்கிற கிண்ணத்துக்கான கடைசிச் சுற்றுகளை விளையாடவேண்டும். இது உண்மையிலேயே கிண்ணத்துக்குப் போகிற அணியென்றால், கோல் அடிக்கிற வெளிநாட்டுக்காரர் ஒருவரை எடுக்க ஸ்போர்ட்ஷெஃப் எண்ணியிருந்தார். இல்லையென்றால் எதையும் தொடாமல் வருடத்தை முடித்துவிடுவது. களத்தில் இறங்கும் வெளிநாட்டுக்காரருக்கு எண்ணிக்கை உண்டு. ஒருவர் வந்தால் ஒருவர் போகவேண்டும்.

நான் சொன்னேன்: "பத்தொன்பது வருசத்திலை இப்பிடி ஒரு ரீமை நான் காணேல்லை. ஒவ்வொரு பையும் பூட்டித்தான் வருது. ஒரு துண்டு ரேப் இல்லை. துணிஞ்சு எடுங்கோ."

அவர் கேட்டது அணி எப்படி என்று மட்டும்தான். துணிந்து எடுங்கள் என்றது நானாகச் சேர்த்தது.

2

போவது எஸ்கோ என்று நான் நினைக்கவில்லை. நினைத்துப் பார்க்கவில்லை என்று சொல்வதுதான் சரி.

எஸ்கோ பின்லாந்துக்காரர், நாற்பத்துநாலாம் எண், தடுத்து ஆடுகிறவர். வயது முப்பத்தேழு. கால் மெதுவாகிவிட்டது என்று கதைத்தார்கள். அவருடைய டொச்சும் என்னுடைய டொச்சும் ஒரே அளவு, அதனால் எங்களுக்குள் நன்றாக விளங்கும். இதுதான் கடைசி வருடம், இங்கேயே முடித்துவிட்டு, மகளின் பள்ளிக்கூடம் முடிந்ததும் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விடுவேன் என்று மார்கழியில் சொல்லியிருந்தார்.

ட்ரான்ஸ்ஃபர்ஷ்லுஸ் அன்று மத்தியானம் தோளில் பெரிய பையோடு வந்து நின்றார்.

"என்ரை உடுப்பு வேணும், நாகேஸ்வரி."

முழுப்பெயரையும் சொல்கிறவர் அவர் ஒருவர்தான்.

"மெஷினுக்குள்ளை கிடக்கு. ஏன் இப்ப?"

"தெற்கை, ரெசின் பக்கம் போறன். மூண்டு மணிக்கு ரயில்." பட்டியலில் கடைசி இடத்தில் கிடந்த ஒரு கிளப்பின் பெயரைச் சொன்னார்.

மெஷின் முடியப் பதினெட்டு நிமிடம் காட்டியது. இடையில் நிறுத்தினால் கதவு திறக்காது. "நிக்கிறன்" என்றார்.

அன்று காலைப் பயிற்சியின் தள்ளுவண்டி அவர் பக்கத்தில் நின்றது. பைகள் வாய் திறந்து, ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. அப்படி ஒரு வண்டியை அந்த வருடம் நான் கண்டதே இல்லை. எஸ்கோ கதைத்துக்கொண்டே ஒரு பையை எடுத்தார். சொக்ஸை வெளியே இழுத்து, ரேப்பை உரித்து, உருண்டையாக்கி எறிந்தார். சொக்ஸைத் திரும்ப உள்ளே போட்டுக் கொளுக்கியைப் பூட்டினார். அடுத்த பை. அதற்கடுத்தது. கையைப் பார்க்காமலே செய்தார். நான் வெங்காயம் உரிக்கிற மாதிரி.

"எஸ்கோ, நீங்களோ இவ்வளவு நாளும்?"

"இளம் பெடியள். அவசரம். மறந்திடுவாங்கள்." தோளைக் குலுக்கினார். "இண்டைக்கு மேல ஒஃபிசிலை நிண்டதாலை என்னாலை ஏலாமப் போச்சு."

"எல்லாற்றையுமோ?"

"நான்தானே கடைசியாக் குளிச்சிட்டு வாறனான்."

நான் அணி என்று பார்த்தது இந்த ஒரு மனிசனின் கைகளை.

மெஷின் நின்றது. காயவைக்க நேரமில்லை. ஈர உடுப்பைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தேன். கை தந்து "மெர்சி" என்று நன்றி சொன்னார். போய்விட்டார்.

3

மாடி ஒஃபிசுக்கு அதுவரை நான் ஏறியதில்லை. அன்று ஏறினேன்.

"நான் பிழையாச் சொல்லிப்போட்டன். அந்தப் பையளைப் பூட்டினது எஸ்கோ. அவரை விடாதேங்கோ."

ஸ்போர்ட்ஷெஃப் சிரித்தார். கெட்ட சிரிப்பு அல்ல. "நாகா, கடதாசி எல்லாம் அனுப்பியாச்சு. நீங்கள் சொன்னதுக்காகவோ நான் ஆள் மாத்தினனான்? அது வெறும் தோய்க்கிற உடுப்பு."

அது பெரிய அவமானமாக இருந்தது. என் சொல்லுக்கு விலை இல்லை என்றால் என்மேல் பழியும் இல்லை என்று ஆறுதல்பட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. கேட்டவர் அவர், சொன்னவள் நான்.

புதியவர் நல்ல ஆட்டக்காரர், கோலும் அடித்தார். ஆனால் பைகள் திறந்தே வந்தன. ரேப் துண்டுகளை மெஷினுக்குள் இருந்து கத்தியால் சுரண்டினேன். ஒருவருக்காக ஒருவர் கை நீட்டுகிற பழக்கம் அந்த அறையில் இருக்கவில்லை, களத்தில் எங்கிருந்து வரும்? பிளேஓஃப் எங்களுக்கு முதல் சுற்றிலேயே முடிந்தது. குணம்கூடப் பகிடி விடவில்லை. எஸ்கோ அந்தக் கடைசி இடத்துக் கிளப்பிலேயே விளையாட்டை விட்டார் என்று பிறகு அவன்தான் சொன்னான்.

ஆஸ்பத்திரியிலும் ஹோட்டலிலும் கிளப்பிலும் இப்போது வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று மேலே சொல்வதற்கு முன், அரை மணி முந்திப் போய், அந்த ஒழுங்கு யாருடைய கையில் இருக்கிறது என்று பாருங்கள். அதை நான் பிந்தித்தான் படித்தேன்.

இன்னொன்றை இன்னும் படிக்கவில்லை. அன்று மெஷின் முடியும் வரை எஸ்கோ என் பக்கத்தில்தான் நின்றார். புது ஆளை எடுக்கச் சொன்னது நான் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.