விசில் ஊதுபவளின் பாடு

கரப்பந்துப் பயிற்சியாளர் வேலையில் பந்து சொன்னபடி கேட்கும், ஆடுகிற பிள்ளைகள்தான் கேட்கமாட்டார்கள். என்னைப் போல விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பலாங்கொடைப் பக்கம் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் பெண்கள் அணியை நான் பழக்குகிறேன்.

அதட்டல்

ஆரம்பத்தில் எனக்குத் தெரிந்த ஒரே முறை கத்துவதுதான். ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. மைதானம் சேறாகியும் நான் விடவில்லை. "குனி! கையை நீட்டு! எங்க பாக்குற?" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஓப்பநாயக்கத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மலர், முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டு பணிவாகச் சொன்னாள்: "எங்க கங்காணி பரவாயில்லைங்க மிஸ், மழை வந்தா அவராச்சும் நிறுத்திடுவாரு."

ஜனநாயகம்

பிள்ளைகளையும் கலந்து முடிவெடுக்க வேண்டும் என்று ஒரு பயிற்சிப் பட்டறையில் சொல்லித்தந்தார்கள். அடுத்த மெட்ச்சுக்கு முதலில் இறங்கும் ஆறு பேரை அவர்களையே தெரிவு செய்யச் சொன்னேன். பத்துப் பேரும் வட்டமாக நின்று பேசினார்கள். பேச்சு சண்டையாகி, ஒருத்தி அழவும் தொடங்கினாள். எதிரணி கோட்டில் வந்து நின்றாகிவிட்டது. நடுவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக்காட்டி, சிங்களத்தில் கேட்டார்: "மிஸ், ஆட வந்தீங்களா, எலெக்ஷன் வைக்க வந்தீங்களா?"

பாராட்டு

சரி, இனி அன்புதான் என்று முடிவு செய்தேன். யார் என்ன செய்தாலும் "அருமை!" கித்துல்கலவிலிருந்து வந்த சுமதி போட்ட சேர்விஸ் எல்லாம் வரிசையாக வலையில் விழுந்தன. அதற்கும் அருமை. அவள் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்: "வலையில அடிச்சதுக்கே அருமைன்னா, தாண்டி அடிச்சா என்ன மிஸ் சொல்லுவீங்க?"

இறுதிப் போட்டி

எம்பிலிப்பிட்டிய அணியோடு இறுதிப் போட்டி. காலையில் தரணிக்குக் கணுக்கால் வீங்கியிருந்தது. மற்றவர்கள் அடிக்கப் பந்தை மேலே தூக்கிக் கொடுப்பவள் அவள்தான். அவள் இல்லாவிட்டால் தோல்வி நிச்சயம், ஆடினால் கால் போய்விடும். நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. "நீ வெளிய உக்காரு" என்று சொல்லிவிட்டு விசிலோடு போய்விட்டேன்.

தோற்றோம். திரும்பி வரும்போது பஸ்ஸின் பின்சீட்டில் மற்றப் பிள்ளைகள் பாட்டுப் பாடத் தொடங்கிவிட்டார்கள். தரணி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "தோத்துட்டோம்னு கோபமா?" என்றேன். ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "அதுக்கு இல்ல மிஸ். ஆட முடியுமான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, முடியாதுன்னு நானே சொல்லியிருப்பேன்."

எப்படி நடத்தினாலும் பிள்ளைகளுக்கு ஒரு குறை இருக்கத்தான் போகிறது, அதை முகத்துக்கு நேரே சொல்லுமளவுக்குப் பயம் போய்விட்டதென்றால் பயிற்சி சரியாகத்தான் நடக்கிறது என்று நான் என்னையே தேற்றிக்கொள்கிறேன்.