மூலை உடைந்த படி

2025 ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை. ஐந்து ஐம்பதுக்கு எழுந்தேன். பல் துலக்கி, ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, ஆறு பத்துக்கு ஏரிக்கரை ஏறினேன். வாசலிலிருந்து கரை உச்சிக்கு நூற்று நாற்பது காலடி. பனியில் புல் வழுக்கும் மாதங்களில் நூற்று நாற்பத்தாறு. இரண்டாம் மதகுக்குப் பக்கத்தில் ஏரிக்குள் இறங்கும் கல் படிகளில், தண்ணீருக்கு மேலே தெரிந்தவற்றை உச்சியிலிருந்து எண்ணினேன். ஆறு. சட்டைப்பை நோட்டில் குறித்துக்கொண்டேன்.

என்னோடு வேலை பார்த்தவர்கள் ஓய்வு பெற்றதும் கடற்கரைப் பக்கம் மனை தேடினார்கள். நான் காஞ்சிபுரத்து அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் எழுத்தராக இருந்துவிட்டு, ஐம்பத்து மூன்றில் விருப்ப ஓய்வு வாங்கி, உத்திரமேரூர் ஏரிக்கரையோடு நின்றுகொண்டேன். வேலைக்குப் போன நாட்களில் வீடு திரும்பும் பஸ் ஓரிக்கை தாண்டுவதற்குள் தூங்கிவிடுவேன். இப்போது பகலில் தூக்கம் வருவதில்லை. பதிவேடு இல்லாமல் பத்து நாள் இருந்து பார்த்தேன். பதினோராம் நாள் படிகளை எண்ணத் தொடங்கினேன். அதிலிருந்து ஊரில் எனக்குப் 'படி சார்' என்று பெயர்.

ஆறு நாற்பதுக்கு எங்களுக்குப் பால் ஊற்றும் அம்மாள் வந்தார். கரைக்குக் கீழே முக்கால் ஏக்கர் சொந்தமாகப் பயிர் வைப்பவர். மதகுத் தண்ணீரைத் தவிர அந்த நிலத்துக்கு வேறு வழியில்லை. நாற்று நடவுக்குத் தயாராக இருந்தது. இந்த வாரம் நடாவிட்டால் முற்றிவிடும். போன வருடம் இதே நாட்களில் இருந்த தண்ணீரை நம்பி நட்டு அறுவடை வரை ஓட்டினார், அதுவும் மட்டுமட்டாக. அதனால் அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்.

"இன்னா சார், தண்ணி போன வருசம் மாரி கீதா?"

நோட்டின் கடைசிப் பக்கத்தில் படி எண்ணிக்கைக்கு மட்டும் தனி அட்டவணை வைத்திருக்கிறேன். பார்த்தேன். போன வருடம் இதே நாளில் வெளியே தெரிந்தது ஐந்து படி. இன்று ஆறு. ஒரு படித் தண்ணீர் குறைவு என்றேன். ஒரு படி என்றால் ஏறக்குறைய அரை மாதப் பாசனம்.

"பாத்தா அப்டி தெரியலியே சார்."

கண் ஏமாற்றும், நோட்டு ஏமாற்றாது என்று சொன்னேன். இதைச் சொன்னது நான்தான் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அவர் பாலை ஊற்றிவிட்டுப் போனார். மதியத்துக்குள் நடவுப் பெண்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும், போர்வெல் வைத்திருக்கும் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் மறுநாள் காலையில் குட்டி யானை வண்டியோடு வந்து நாற்றை எடுத்துக்கொள்வார் என்றும் மனைவி சொன்னாள். விவேகமான முடிவு என்று நினைத்துக்கொண்டு பருப்பு ரசத்தை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

மாலை ஐந்தரைக்கு அன்றைய குறிப்பைப் பெரிய நோட்டில் ஏற்றினேன். 'படி ஆறு. ஆறாம் படியின் உடைந்த மூலையில் ஒரு நத்தை.' பிறகு, வழக்கம்போல, போன வருடத்துப் பக்கத்தைத் திறந்தேன். 'படி ஐந்து. ஐந்தாம் படியின் உடைந்த மூலையில் மனைவியின் இடது கால் கட்டை விரல் இடித்துக்கொண்டது. மஞ்சள் பற்றுப் போட்டோம்.'

அங்கே மூலை உடைந்த படி ஒன்றே ஒன்றுதான்.

ஐந்தாவது கல் எப்படி ஆறாவதாகும்? மே மாதத்துக்குத் திருப்பினேன். என் கையெழுத்திலேயே இருந்தது: 'கரையை உயர்த்தி, மேலே புதிதாக ஒரு சிமெண்ட் படி சேர்த்தார்கள். வேலை சுத்தம்.' அதற்குப் பிறகு தினமும் அந்தப் புதுப் படியையும் சேர்த்தே எண்ணியிருக்கிறேன். தண்ணீர் போன வருடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மனைவியைக் கூப்பிட்டு இரண்டு பக்கங்களையும் காட்டினேன். "என் வெரலு அடிபட்டதுக்கு இப்பதான் ஒரு பிரயோஜனம்" என்று சொல்லிவிட்டு அவளே முதலில் செருப்பை மாட்டினாள்.

பால்கார அம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நான் இரண்டு நோட்டுகளையும் பிரித்து வைத்துக்கொண்டு, சிமெண்ட் படியிலிருந்து நத்தை வரை ஒழுங்காக விளக்கினேன். அவர் வாளியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"காலீல ஒரு படி எறங்கிப்பூட்ச்சுன்னீங்க. சாங்காலம் ஏறிப்பூட்ச்சுன்றீங்க. நடுவுல மழையும் பெய்யல." பிறகு என் மனைவியைப் பார்த்து, "அக்கா, இவர இட்டுக்கினு எப்டித்தான் குடித்தனம் பண்றியோ" என்றார்.

நாற்றைத் தருவதாகச் சொன்ன வார்த்தையை எப்படித் திருப்புவது என்பதுதான் அவருக்குச் சங்கடம். நானே அந்த மனிதரிடம் பேசுவதாகச் சொன்னேன். அதற்கு அவசியமில்லை என்று கையைக் காட்டிவிட்டு, அவரே போனை எடுத்தார்.

"அண்ணே, நாத்து இல்ல, வண்டி இட்டார வோணாம். எங்கூர் படி சார் தப்பா எண்ணிட்டாரு."

எதிர்முனையில் நெடுநேரம் சிரிப்புச் சத்தம் கேட்டது. கோபித்துக்கொள்ளாத மனிதர். இனி என் பெயர் பக்கத்து ஊரிலும் தெரியும்.

நடவுப் பெண்களில் நான்கு பேர் வேறு வயலுக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மூன்று பேர்தான் கிடைத்தார்கள். நாற்று பிடுங்கவும், கட்டிய நாற்று முடிகளை வயலுக்குச் சுமக்கவும் ஆள் போதாது. நானும் மனைவியும் வருகிறோம் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வா சார். ஆனா ஒண்ணு, முடி எண்ற வேல மட்டும் உனுக்கு இல்ல."

அதுவரை அவர் என்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டு வந்தார். அந்த 'வா' எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் காலையும் ஐந்து ஐம்பதுக்கே எழுந்தேன். கரை ஏறவில்லை. முதல் வேலையாக லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கணுக்கால் குளிரக் குளிர, நாற்றங்காலில் இறங்கினேன்.